பில்ட் கட்டத்தில் தொகுத்ததைச் சோதனைக் கட்டம் ஏன் மீண்டும் தொகுக்கிறது? கிட்லேப் சிஐ அமைப்பில் உதவி தேவை

எழுத்துமாற்றி | ஞாயிறு, இரவு 9.52

வணக்கம். பழைய தமிழ்க் குறியேற்றங்களில் இருக்கும் உரைகளை யூனிகோடுக்கு மாற்றும் சிறிய திறமூல நூலகம் ஒன்றை நான்கு ஆண்டுகளாகப் பராமரித்து வருகிறேன். சி மொழியில் எழுதியது. திஸ்கி, டாப், டாம் மூன்றையும் படிக்கும். என் தந்தையின் அச்சகத்தில் 1999 முதல் 2008 வரை தட்டச்சு செய்த சிற்றிதழ்களும் கோயில் மலர்களும் திருமண வாழ்த்து மடல்களும் இந்த மூன்று குறியேற்றங்களிலும் கலந்து கிடக்கின்றன. அவற்றை மீட்பதற்காகத் தொடங்கியது. இப்போது வேறு சிலரும் பயன்படுத்துகிறார்கள். அவர்களுடைய கோப்புகள் என் பிழையால் கெட்டுவிடக் கூடாது என்ற பயத்தில்தான் சிஐ, அதாவது ஒவ்வொரு மாற்றத்தையும் தானாகத் தொகுத்துச் சோதிக்கும் ஏற்பாடு, அமைத்தேன்.

கட்டங்கள் இரண்டு: பில்ட், டெஸ்ட். பில்ட் கட்டத்தில் மூன்று பணிகள் இணையாக ஓடுகின்றன. ஜிசிசி, கிளாங் ஆகிய கம்பைலர்களுக்கு ஒவ்வொன்று, நினைவகப் பிழைகளைக் காட்டும் அட்ரஸ் சானிடைசர் சேர்த்த ஜிசிசிக்கு ஒன்று. தொகுப்பை அமைக்க ஆட்டோடூல்ஸ்தான் பயன்படுத்துகிறேன், ஆகவே ஒவ்வொரு பணியும் ஆட்டோரீகான்ஃப், கான்ஃபிகர், மேக் என்று ஓடும். ஆர்டிஃபாக்ட் (அடுத்த கட்டத்துக்குக் கடத்தும் கோப்புகள்) பகுதியில் ‘அன்ட்ராக்ட்’ என்பதற்கு ‘ட்ரூ’ கொடுத்திருக்கிறேன். கிட்டில் இல்லாத, புதிதாக உருவான கோப்புகள் எல்லாம் அதனால் சேமிக்கப்படுகின்றன. டெஸ்ட் கட்டத்திலும் அவற்றை ஒத்த பெயர்களில் மூன்று பணிகள். அவை ஆர்டிஃபாக்ட்டை இறக்கிக்கொண்டு ‘மேக் செக்’ மட்டும் ஓட்டினால் போதும் என்பது என் எண்ணம்.

நடப்பது வேறு. டெஸ்ட் பணி முதலில் ‘ஆக்லோக்கல் 1.16 இல்லை’ என்று சொல்லி நின்றது. ஆக்லோக்கல் ஆட்டோமேக்கோடு வருவது; சோதனைக்கு வைத்திருந்த டெபியன் ஸ்லிம் படிமத்தில் (கன்டெய்னருக்கான சிறிய லினக்ஸ்) ஆட்டோமேக் கிடையாது. அதைச் சேர்த்தேன். இப்போது நிற்பதில்லை, ஆனால் கான்ஃபிகரிலிருந்து தொடங்கி எல்லாக் கோப்புகளையும் மறுபடி தொகுக்கிறது. தொகுக்க 5 நிமிடம், சோதனைகள் 3 நிமிடம். ஆக எல்லாப் பணிகளும் சேர்ந்த ஒரு பைப்லைனுக்கு பில்ட் கட்டத்தில் 15, டெஸ்ட் கட்டத்தில் 24, மொத்தம் 39 நிமிடம். இலவசக் கணக்கில் மாதம் 400 நிமிடங்கள். சென்ற மாதம் ஐந்தாவது புஷ்ஷிலேயே (மாற்றத்தைக் களஞ்சியத்துக்கு அனுப்புவது) தீர்ந்துவிட்டது.

இன்னொன்றும் உண்டு. அண்மையில் சேர்த்த, சொற்களை அகர வரிசைப்படுத்தும் சோதனை என் மடிக்கணினியில் தேறுகிறது, சிஐயில் தோற்கிறது. ஆல்பைன் என்ற இன்னொரு லினக்ஸ் படிமத்தில் ஓட்டிப் பார்க்க வைத்திருக்கும் நான்காவது டெஸ்ட் பணியிலும் தோற்கிறது. அந்தப் பணிக்கு மட்டும் ‘அலவ் ஃபெயிலியர்’ (தோற்றாலும் பைப்லைன் தோற்காது) கொடுத்து வைத்திருக்கிறேன். அந்தப் பணி தொகுக்கும் முன்பே நின்றுவிடுவதால் மேலே சொன்ன நிமிடக் கணக்கில் அதைச் சேர்க்கவில்லை. அந்தப் படிமத்தில் சோதனைகளைக் கையால் ஓட்டித்தான் வரிசைப் பிழையைப் பார்த்தேன்.

ஆர்டிஃபாக்ட்டைச் சரியாகக் கடத்துவது எப்படி? வழி தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

பொதிகட்டி | ஞாயிறு, இரவு 11.30

வணக்கம். டெபியன் வழியில் வந்த விநியோகங்களுக்குப் பொதி கட்டும் வேலையைப் பல ஆண்டுகளாகச் செய்து வருகிறேன். உங்களுடையதைப் போன்ற நூலகங்கள் என் மேசைக்கு வரும்போது முதலில் அவற்றின் சிஐ கோப்பைத்தான் திறப்பேன். எதைச் சோதித்திருக்கிறார்கள், எதை விட்டுவிட்டார்கள் என்பது அங்கே தெரிந்துவிடும். அதனால் சற்று நீளமாகவே எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

மறுதொகுப்பு ஏன் நடக்கிறது என்பதை முதலில் பார்ப்போம். ஒரு கோப்பு கடைசியாகத் திருத்தப்பட்ட நேரத்தை கிட் சேமிப்பதில்லை; உள்ளடக்கத்தை மட்டுமே சேமிக்கிறது. டெஸ்ட் பணி புதிய கன்டெய்னரில் தொடங்குகிறது. ரன்னர் களஞ்சியத்தை இறக்கியதும் உங்கள் மூலக் கோப்புகள் அத்தனைக்கும் அந்த நொடியே திருத்த நேரமாகிவிடுகிறது. அதன் பிறகு ஆர்டிஃபாக்ட் விரிகிறது. அதிலுள்ள ஆப்ஜெக்ட் கோப்புகள் (மூலத்தைத் தொகுத்து வந்தவை) பில்ட் கட்டத்தில் பிறந்தவை, சில நிமிடம் மூத்தவை. மேக் பார்ப்பது இந்த நேரத்தை மட்டும்தான். மூலம் புதியது, ஆப்ஜெக்ட் பழையது என்று கண்டால் மறுபடி தொகுக்கும். அது தன் கடமையைச் சரியாகவே செய்கிறது.

ஆக்லோக்கல் செய்தியும் இதே வேரிலிருந்து வந்ததுதான். ‘கான்ஃபிகர்.ஏசி’ கிட்டில் இருக்கிறது, அதனால் புதிதாகத் தெரிகிறது. அதிலிருந்து உருவான ‘கான்ஃபிகர்’ ஆர்டிஃபாக்ட்டில் வந்தது, அதனால் பழையதாகத் தெரிகிறது. உடனே மேக்ஃபைல், ஆட்டோமேக்கைக் கூப்பிட்டு எல்லாவற்றையும் புதுப்பிக்க முயல்கிறது. அது இல்லாத படிமத்தில் நின்றுவிட்டது உங்களுக்குக் கிடைத்த நல்ல எச்சரிக்கை. ஆட்டோமேக்கை நிறுவியதும் அந்த எச்சரிக்கை மறைந்தது. காரணம் அப்படியே இருக்கிறது.

நேரம் வீணாவதைவிட என்னைக் கவலைப்பட வைப்பது வேறொன்று. டெஸ்ட் பணிகளில், எந்தப் பணியின் ஆர்டிஃபாக்ட் வேண்டும் என்று குறிக்கும் ‘நீட்ஸ்’ அல்லது ‘டிபெண்டென்சீஸ்’ எழுதியிருக்கிறீர்களா? நீங்கள் சொன்னதில் இரண்டும் இல்லை. எழுதாவிட்டால் கிட்லேப்பில் ஒவ்வொரு பணியும் முந்தைய கட்டங்களின் எல்லா ஆர்டிஃபாக்ட்களையும் இறக்கிக்கொள்ளும். பெயர் ஒத்திருப்பதால் ஜோடி சேர்த்துக்கொள்ளாது. உங்கள் மூன்று பில்ட் பணிகளும் ஒரே பாதையில், ஒரே பெயரில் மேக்ஃபைலையும் ஆப்ஜெக்ட்களையும் விட்டுச் செல்கின்றன. டெஸ்ட் பணி மூன்றையும் ஒன்றன்மேல் ஒன்றாக விரிக்கும். கடைசியாக விரிந்தது எதுவோ அது மிஞ்சும். பிறகு நடக்கும் மறுதொகுப்பு, மிஞ்சிய மேக்ஃபைலில் உள்ள கம்பைலரையும் கொடிகளையும் (கம்பைலருக்கான தெரிவுகள்) கொண்டுதான் நடக்கும். அப்படியானால் மூன்று டெஸ்ட் பணிகளும் ஒரே அமைப்பைத்தான் மூன்று முறை சோதித்துக்கொண்டிருக்கின்றன. கிளாங் டெஸ்ட் பணியின் பதிவைத் திறந்து, தொகுக்கும் வரிகள் எந்தக் கம்பைலரின் பெயரில் தொடங்குகின்றன என்று தயவுசெய்து பாருங்கள். சானிடைசர் பணியில் அதன் கொடி இருக்கிறதா என்றும் பாருங்கள். வேறு எதையும் தொடுவதற்கு முன் இதைச் செய்யுங்கள்.

இனி எப்படி அமைப்பது என்பது. தொகுத்தலையும் அலகுச் சோதனையையும் ஒரே பணிக்குள் வையுங்கள் என்பேன். ஜிசிசிக்கு ஒரு பணி, கிளாங்குக்கு ஒன்று, சானிடைசருக்கு ஒன்று. ஒவ்வொன்றிலும் கான்ஃபிகர், மேக், மேக் செக். பில்ட் என்றும் டெஸ்ட் என்றும் இரண்டு கட்டங்கள் பாடநூல்களில் எல்லாம் இருப்பதால் அப்படித்தான் பிரிக்க வேண்டும் என்று தோன்றிவிடுகிறது. ஆனால் ஒரு கட்டத்தைத் தாண்டுவது என்றால் அந்த இயந்திரத்தைத் தூக்கி எறிந்துவிட்டுப் புதிய இயந்திரத்தில் கால்வைப்பது. பட்டறையை அப்படியே பெயர்த்து எடுத்துக்கொண்டு போக முடியாது. செய்து முடித்த பொருளை எடுத்துக்கொண்டு போகலாம். உங்கள் நூலகத்தில் செய்து முடித்த பொருள், நீங்கள் வெளியிடும் டார் கோப்பு, அதாவது மூலக் கோப்புகளைச் சேர்த்துக் கட்டிய ஒற்றைக் கோப்பு.

ஆகவே இரண்டாம் கட்டத்துக்கு அந்த டார் கோப்பை மட்டும் அனுப்புங்கள். அங்கே கம்பைலர், மேக், பேக்கேஜ் கான்ஃபிக் மட்டும் சேர்த்த டெபியன் ஸ்லிம் படிமத்தில், ஆட்டோமேக் இல்லாமல், டார் கோப்பை விரித்து, தொகுத்து, நிறுவுங்கள். பிறகு பேக்கேஜ் கான்ஃபிக் வழியாக நூலகத்தைக் கண்டுபிடித்து இணைக்கும் பத்து வரி நிரல் ஒன்றைத் தொகுத்து, ஒரு திஸ்கி வரியை மாற்றிக் காட்டச் சொல்லுங்கள். இதை வலியுறுத்தக் காரணம் உண்டு. எல்லாச் சோதனைகளும் பச்சையாக இருந்த ஒரு நூலகம் என்னிடம் வந்தது. நிறுவிப் பார்த்தால் ஒரு தலைப்புக் கோப்பு வந்து சேரவில்லை. சோதனைகள் மூலக் கோப்பகத்துக்குள்ளேயே ஓடியதால் அந்தக் கோப்பு அவற்றின் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. பயனருக்கு அது இல்லை. அன்று ஒரு மாலை முழுவதும் போனது.

‘மேக் டிஸ்ட்செக்’ என்ற கட்டளையை ஓட்டியிருக்கிறீர்களா? டார் கோப்பை உருவாக்கி, எழுத முடியாத கோப்பகமாக விரித்து, வேறிடத்தில் தொகுத்து, சோதனைகளை ஓட்டி, தற்காலிக இடத்தில் நிறுவி, மறுபடி நீக்கி, ஏதாவது மிச்சம் இருக்கிறதா என்றும் பார்க்கும். சோதனைக்கு வேண்டிய மாதிரி உரைகளை ‘எக்ஸ்ட்ரா டிஸ்ட்’ பட்டியலில் சேர்க்க மறந்திருந்தால் அங்கேயே மாட்டிக்கொள்ளும். ஆட்டோடூல்ஸ் பழையது என்று பலர் ஒதுக்கிவிட்டார்கள். இந்த ஒரு கட்டளைக்காகவே எனக்கு அதன் மீது மரியாதை உண்டு.

நேரத்தைக் குறைக்க, முன்பு தொகுத்ததைச் சேமித்து மறுபடி தரும் சிகேஷ் வையுங்கள். அது கோப்பின் நேரத்தை நம்பாமல் உள்ளடக்கத்தின் ஹாஷைப் பார்ப்பதால் புதிய இயந்திரத்திலும் பயன்படும். அதன் கோப்பகத்தைத் திட்டக் கோப்பகத்துக்குள்ளேயே வைக்க வேண்டும். வெளியே இருப்பதை கிட்லேப் கேஷ் எடுத்துக்கொள்ளாது. ஒவ்வொரு பணியின் கேஷுக்கும் தனிச் சாவி (அடையாளப் பெயர்) கொடுங்கள், இல்லாவிட்டால் கிளாங்கின் கேஷும் ஜிசிசியின் கேஷும் ஒன்றையொன்று அழிக்கும். கேஷ் இருந்தால் வேகம், இல்லாவிட்டாலும் பணி சரியாக முடிய வேண்டும். அது எப்போதும் கிடைக்கும் என்று யாரும் உறுதி தருவதில்லை. ஒரு பணி அடுத்த பணிக்குக் கட்டாயம் தர வேண்டியது எதுவானாலும் அது ஆர்டிஃபாக்ட்டில் போக வேண்டும்.

ஆர்டிஃபாக்ட்டுக்கு ‘வென்’ என்பதில் ‘ஆல்வேஸ்’ கொடுத்து, ‘டெஸ்ட் சூட்’ பதிவுக் கோப்பையும் சேர்த்துவிடுங்கள். இயல்பாக, தேறிய பணியின் ஆர்டிஃபாக்ட் மட்டுமே மேலேறும். தோற்ற பணியின் பதிவுதான் நமக்கு வேண்டியது.

கரும்பலகை | திங்கள், காலை 6.15

வரிசைப்படுத்தும் சோதனையைப் பற்றி மட்டும் எழுதுகிறேன். மற்றதைப் பொதிகட்டி ஐயா முழுமையாகச் சொல்லிவிட்டார்.

உங்கள் மடிக்கணினியில் தமிழ் லொக்கேல் (மொழிக்குரிய வரிசை முதலிய விதிகளின் தொகுப்பு) நிறுவப்பட்டிருக்கும். டெபியன் ஸ்லிம் படிமத்தில் அது இல்லை. நிரல் கேட்கும் லொக்கேல் கிடைக்காவிட்டால் ‘செட்லொக்கேல்’ வெறும் ‘நல்’ (வெற்று) மதிப்பைத் திருப்பித் தரும், நிரல் நிற்காது. திருப்பித் தந்ததைச் சரிபார்க்காவிட்டால் பழைய சி லொக்கேலிலேயே ஓடிக்கொண்டிருக்கும், வரிசை யூனிகோடு எண்களின்படி வரும்.

யூனிகோடு எண் வரிசை நம் நெடுங்கணக்கு வரிசை ஆகாது என்பது உங்களுக்குத் தெரிந்ததுதான். நாம் ய ர ல வ ழ ள ற ன என்று படித்தோம். யூனிகோடில் ந வுக்கு அடுத்த எண் ன வுக்கு, ர வுக்கு அடுத்தது ற வுக்கு, ல வுக்குப் பின் ள, ழ, வ என்று போகிறது. ஆகவே ‘அவல்’ முதலிலும் ‘அறம்’ அடுத்தும் வர வேண்டிய அகராதியில் ‘அறம்’ முந்திக்கொள்ளும். உங்கள் பதிவில் தோற்ற வரி இப்படித்தான் இருக்கிறதா என்று பாருங்கள். நான் பள்ளிக் குழந்தைகளுக்கான சொற்பட்டியல் ஒன்றைத் தயாரித்தபோது இதே இடத்தில் தடுக்கி விழுந்தேன். அச்சிட்டு வந்த பிறகுதான் ஒரு மாணவி காட்டினாள்.

டெபியனில் லொக்கேல்ஸ் பொதியை நிறுவித் தமிழ் லொக்கேலை உருவாக்கினால் சோதனை தேறலாம். ஆல்பைனில் அதுவும் உதவாது. அங்கே இருக்கும் மசல் நூலகத்தில் லொக்கேல்வழி ஒப்பிடும் ‘ஸ்ட்ர்கோல்’ சார்பு, சாதாரண ‘ஸ்ட்ர்கம்ப்’ செய்வதையே செய்கிறது. எந்த லொக்கேல் கொடுத்தாலும் பைட் வரிசைதான்.

என் கருத்து: உயிர் 12, ஆய்தம், மெய் 18, அதன் பிறகு கிரந்த எழுத்துகள் என்று நூலகத்துக்குள்ளேயே ஒரு சிறிய அட்டவணை வைத்து அதன்படி ஒப்பிடுங்கள். இயங்குதளத்தை நம்பாத சோதனை எல்லா இடத்திலும் ஒரே விடை தரும். அதுவரை இடைக்கால ஏற்பாடாக, லொக்கேல் கிடைக்காதபோது சோதனை 77 என்ற வெளியேறு எண்ணோடு முடியட்டும். ஆட்டோமேக் அதைத் ‘தவிர்க்கப்பட்டது’ என்று தனியாக எண்ணிக் காட்டும். அலவ் ஃபெயிலியரை எடுத்துவிடுங்கள். ஆரஞ்சு வியப்புக்குறியை இரண்டாவது வாரத்திலிருந்து யாரும் திறந்து பார்ப்பதில்லை. வேறு ஒரு சோதனை அதே பணியில் தோற்றாலும் அதே நிறம்தான் தெரியும்.

கூடவே ஒன்று. சோதனை தோற்கும்போது எழுத்தோடு யூனிகோடு எண்களையும் அச்சிடச் செய்யுங்கள். திஸ்கியில் ஒற்றைக் கொம்பு மெய்க்கு முன்னால் இருக்கும், துணைக்கால் பின்னால் இருக்கும். மாற்றும்போது ‘கொ’ என்பதை ஒகரக் குறி ஒன்றாகவும் எழுதலாம், கொம்பும் காலும் தனித்தனிக் குறிகளாகவும் எழுதலாம். திரையில் இரண்டும் ஒன்றே. எதிர்பார்த்தது ‘கொடி’, கிடைத்தது ‘கொடி’, சோதனை தோல்வி என்று சிஐ பதிவு காட்டும்போது ஒரு முழு இரவு போய்விடும்.

மூன்றாம்மாடி | திங்கள், காலை 9.05

உங்கள் கணக்கில் ஒன்று இடிக்கிறது. ஒரு பைப்லைனுக்கு 39 நிமிடம் என்றால் 400 நிமிடத்துக்குப் பத்து புஷ் வர வேண்டும். ஐந்தில் தீர்ந்தது என்கிறீர்கள். ஒரே கமிட்டுக்குக் கிளைக்கான பைப்லைன் ஒன்றும் மெர்ஜ் ரிக்வெஸ்ட்டுக்கான (கிளையை இணைக்கக் கேட்பது) பைப்லைன் ஒன்றுமாக இரண்டு ஓடுகின்றன என்று நினைக்கிறேன். பணிகளின் ‘ரூல்ஸ்’ பகுதி இரண்டுக்கும் இடம் கொடுத்தால் இப்படி ஆகும். கோப்பின் மேலே ‘வொர்க்ஃப்ளோ’ விதி ஒன்று எழுதி, கிளைக்குத் திறந்த மெர்ஜ் ரிக்வெஸ்ட் இருந்தால் கிளைப் பைப்லைன் தொடங்காதபடி செய்யுங்கள். ‘இன்டரப்டிபிள்’ கொடியையும் போட்டுவிடுங்கள். புதிய புஷ் வந்தால் பழைய பைப்லைன் நிற்கும்.

டார் கோப்பை சிஐயில் உருவாக்குவதற்கு இன்னொரு காரணத்தையும் சேர்க்கிறேன். 2024 மார்ச் 29 அன்று ஆன்ட்ரெஸ் ஃப்ராய்ன்ட் வெளிப்படுத்திய, எக்ஸ்இசட் என்ற கோப்புச் சுருக்க மென்பொருளின் பின்கதவு நினைவிருக்கும். 5.6.0, 5.6.1 ஆகிய பதிப்புகளின் டார் கோப்புகளில் கிட் களஞ்சியத்தில் இல்லாத மாற்றம் ஒரு எம்4 கோப்பில் (கான்ஃபிகரை உருவாக்கப் பயன்படுவது) இருந்தது; அது சோதனைத் தரவு என்ற பெயரில் களஞ்சியத்தில் கிடந்த இருமக் கோப்புகளிலிருந்து நச்சு நிரலை எடுத்து இணைத்தது. ஒருவர் தனியாகக் கட்டிய டார் கோப்பை உலகம் நம்பிக்கொண்டிருந்தது. குறித்த கமிட்டிலிருந்து, எல்லோரும் பார்க்கும் பதிவோடு, சிஐயே டார் கோப்பைக் கட்டினால் இரண்டையும் ஒப்பிட்டுப் பார்க்க வழி இருக்கும். உங்கள் மாதிரிக் கோப்புகளும் திஸ்கி பைட்டுகள்தான், கண்ணால் படிக்க முடியாதவை. எது எங்கிருந்து வந்தது, எப்படி உருவானது என்று ஒரு குறிப்பை அதே கோப்பகத்தில் வைத்துவிடுங்கள்.

பைதான் இணைப்பு எழுதும் எண்ணம் இருந்தால் முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன்: சிஐ அமைப்பை எழுதும் யாமல் கோப்பில் 3.10 என்ற பைதான் பதிப்பு எண்ணை மேற்கோள் குறிக்குள் எழுதுங்கள். இல்லாவிட்டால் அது தசம எண்ணாகி 3.1 ஆகிவிடும், அந்தப் பதிப்பைத் தேடிப் பணி தோற்கும்.

எழுத்துமாற்றி | வியாழன், இரவு 10.40

மூவருக்கும் நன்றி. நான்கு நாட்கள் ஆனதற்கு மன்னிக்கவும்; அச்சகத்தில் முகூர்த்த மாத வேலை.

பொதிகட்டி ஐயா, முதல் வேலையாகப் பதிவுகளைத் திறந்தேன். நீங்கள் சொன்னது அப்படியே உண்மை. கிளாங் டெஸ்ட் பணியில் ஒவ்வொரு வரியும் ஜிசிசி என்று தொடங்கியது. சானிடைசர் டெஸ்ட் பணியில் சானிடைசர் கொடியே இல்லை. பழைய பதிவுகளைப் பின்னோக்கித் திறந்துகொண்டே போனேன். மார்ச் மாதம் இந்த இரண்டு கட்ட அமைப்பை எழுதிய நாளிலிருந்து அப்படித்தான் இருந்திருக்கிறது. மூன்று பச்சைக் குறிகளைப் பார்த்துத்தான் இரண்டு வெளியீடுகள் செய்தேன். அன்றிரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

தொகுத்தலையும் சோதனையையும் ஒரே பணிக்குள் கொண்டுவந்தேன். முதல் ஓட்டத்திலேயே சானிடைசர் பணி சிவப்பானது: ஒதுக்கிய நினைவகத்தின் எல்லையைத் தாண்டி ஒரு பைட் வாசிக்கப்படுகிறது என்றது. எந்தச் சோதனை என்று பார்த்தால், 2001 மலர் ஒன்றின் கோப்பு. அது ஒரு நெகிழ்வட்டிலிருந்து பாதியில் அறுந்து வந்தது. கடைசி எழுத்து ஒற்றைக் கொம்பு, அதற்குப் பின் மெய் இல்லை. என் நிரல் கொம்பைக் கண்டதும் அடுத்த பைட்டில் மெய் இருக்கும் என்று நம்பி, கோப்பு முடிந்துவிட்டதா என்று பார்க்காமலே வாசித்துவிடுகிறது. வெறும் ஜிசிசியில் அந்த இடத்தில் ஏதோ ஒரு பைட் இருந்து, விடை தற்செயலாகச் சரியாக வந்துகொண்டிருந்தது. திருத்திவிட்டேன்.

டிஸ்ட்செக் இரண்டு முறை தோற்றது. முதலில் மாதிரி உரைகள் பட்டியலில் இல்லை. அடுத்து, ஒரு சோதனை தன் விடைக் கோப்பை மூலக் கோப்பகத்துக்குள்ளேயே எழுத முயன்றது. அது எழுத முடியாத கோப்பகம் என்பதால் மாட்டிக்கொண்டது. இரண்டும் சரியாயின.

மூன்றாம்மாடி சொன்னபடி இரட்டைப் பைப்லைன்தான். ஒரே கமிட்டுக்கு 78 நிமிடம் போய்க்கொண்டிருந்தது. இப்போது ஜிசிசி 4, கிளாங் 4, சானிடைசர் 7, டிஸ்ட்செக் 4, நிறுவிப் பார்ப்பது 1. மொத்தம் 20 நிமிடம், கமிட்டுக்கு ஒரே ஒரு முறை. சிகேஷ் நிரம்பியிருந்தால் தொகுக்க ஒரு நிமிடம்தான் ஆகிறது. சானிடைசருக்கு மட்டும் சோதனைகள் 3 நிமிடத்துக்குப் பதில் 6 நிமிடம் எடுக்கின்றன. முன்பு அது 3 நிமிடத்தில் முடிந்ததே ஒரு தடயம் என்று இப்போது புரிகிறது.

கரும்பலகை, தோற்ற வரி நீங்கள் எழுதியது போலவே: ‘அறம்’ முன்னால், ‘அவல்’ பின்னால். அட்டவணையை எழுதத் தொடங்கிவிட்டேன். ஜ எங்கே வர வேண்டும் என்று எனக்கும் தந்தைக்கும் இன்னும் ஒத்துவரவில்லை. ச வரிசையை ஒட்டி வர வேண்டும் என்கிறார் அவர். அச்சுக்கோத்த காலத்தில் அறைப்பெட்டியில் அப்படித்தான் இருந்ததாம். நான் 18 மெய்களுக்கும் பிறகு வைத்திருக்கிறேன். ஆல்பைன் பணியையும் ஒரே பணியாக மாற்றிவிட்டேன். அலவ் ஃபெயிலியரை எடுத்ததால் அட்டவணை முடியும்வரை அது சிவப்பாகவே இருக்கும். அதனால் தற்காலிகமாகக் கையால் தொடங்கும் பணியாக வைத்திருக்கிறேன்.

ஒரு கேள்வி மிச்சம். அந்த அறுந்த கோப்பு 40 கிலோபைட், உள்ளே ஒருவருடைய குடும்ப விவரங்கள் இருக்கின்றன. பொதுக் களஞ்சியத்தில் அது இருப்பது இப்போதுதான் உறுத்துகிறது. எடுத்துவிட்டால் இந்தப் பிழைக்குச் சோதனை இருக்காதே?

பொதிகட்டி | வெள்ளி, காலை 7.20

அந்தக் கோப்பை எடுத்துவிடுங்கள். கிட் வரலாற்றிலும் அது இருக்கும் என்பதை மறக்க வேண்டாம். களஞ்சியத்தின் வரலாற்றை மாற்றி எழுதுவதற்கு முன், பங்களிப்பவர்களுக்கு ஒரு வாரம் முன்னறிவிப்புக் கொடுங்கள்.

சோதனைக்கு அந்தக் கோப்பு தேவையில்லை. ‘க’ ஒன்று, அதன்பின் ஒற்றைக் கொம்பு ஒன்று என இரண்டே பைட் போதும். அதை இருமக் கோப்பாக வைக்காமல் சோதனை நிரலுக்குள்ளேயே எண்களாக எழுதுங்கள், படிப்பவருக்கும் புரியும். நினைவகத்தைச் சரியாக இரண்டே பைட் அளவுக்கு ஒதுக்கி அதில் நகலெடுத்துக் கொடுக்க வேண்டும். சி சரமாகக் கொடுத்தால் இறுதியில் ஒரு பூஜ்ய பைட் ஒட்டிக்கொள்ளும். எல்லை தாண்டுவது சானிடைசருக்குத் தெரியாமல் போய்விடும். அதே போல இரட்டைக் கொம்புக்கு ஒன்று, ஐகாரக் குறிக்கு ஒன்று. மூன்றும் மெய்க்கு முன்னால் வருபவை, மூன்றுக்கும் ஒரே ஆபத்து உண்டு.

எழுதி முடித்ததும், திருத்தத்தை மட்டும் தற்காலிகமாக நீக்கிவிட்டு ஒரு தனிக் கிளையில் புஷ் செய்து பாருங்கள். சானிடைசர் பணி சிவப்பாக வேண்டும். வந்ததும் அந்தக் கிளையை அழித்துவிடலாம்.

எழுத்துமாற்றி | வெள்ளி, இரவு 8.03

செய்து பார்த்தேன். ஒற்றைக் கொம்பும் இரட்டைக் கொம்பும் சிவப்பு. ஐகாரம் மட்டும் பச்சையாகவே இருந்தது. அதற்கான நிரல்பகுதியை 2022இல் வேறொருவர் எழுதி அனுப்பியிருந்தார். அதில் நீளத்தைச் சரிபார்க்கும் வரி ஏற்கெனவே இருக்கிறது. அதே வரியை மற்ற இரண்டுக்கும் பொதுவான சார்பாக மாற்றி, அவர் பெயரையும் கமிட் செய்தியில் சேர்த்திருக்கிறேன்.